எந்த உழைப்புக்கு எந்த ஆங்கிலச் சொல்?

பயோடேட்டா எழுதும்போது 'ஹார்ட் வொர்க்கிங்' என்று போடாதவர் நம்மில் மிகக் குறைவு. பள்ளியில் நமக்குக் கிடைத்த சொல் அது ஒன்றுதான். வேலைக்கு விண்ணப்பிக்கவும் அதுதான், அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதவும் அதுதான், கதையில் மாடாய் உழைத்துத் தேய்ந்தவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகவும் அதுதான். சரி, வேறு சொல் பார்க்கலாம் என்று அகராதியைத் திறந்தால் லேபர், டாய்ல், ட்ரட்ஜரி, எக்ஸர்ஷன், எஃபர்ட், கிரைண்ட், ஸ்லாக் என்று வரிசை நீள்கிறது. பாதிக்கு மேல் 'கடின உழைப்பு' என்றே பொருள் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் நாம் நினைத்தது ஒன்றாகவும் படிப்பவருக்குப் போய்ச் சேர்வது வேறாகவும் ஆகிவிடுகிறது.

எவ்வளவு கடினம் என்பதை வைத்து இவற்றை அடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வொர்க் லேசு, லேபர் கொஞ்சம் கூட, டாய்ல் அதற்கும் மேல் என்று. எனக்கு அந்த அடுக்கில் நம்பிக்கை இல்லை. கேட்டுப் பார்க்க வேண்டியது வேறு. அந்த வேலையில் அந்த ஆளை இறக்கிவிட்டது யார்? முடித்த பிறகு கையில் ஏதாவது மிஞ்சுகிறதா? சொல்பவர் செய்தவரா, தள்ளி நின்று பார்த்தவரா?

டிரெட்மில்லை எடுத்துக்கொள்வோம். 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிறைகளுக்காக அதை வடிவமைத்தார். பெரிய உருளையில் படிகள் இருக்கும். கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அது மாவு அரைத்தது, சிலவற்றில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுற்றியது. சட்டத்தின் மொழியில் அதற்கு 'ஹார்ட் லேபர்' என்று பெயர். 1895இல் ஆஸ்கார் வைல்டுக்கு விதிக்கப்பட்ட இரண்டு ஆண்டுத் தண்டனையும் இந்த வகைதான். இன்று இதய மருத்துவரிடம் போனால் அதே பெயருள்ள இயந்திரத்தில் நம்மை நடக்கவிட்டு, 'எக்ஸர்ஷனில்' மூச்சு வாங்குகிறதா என்று குறித்துக்கொள்கிறார்கள். ஜிம்மில் காசு கட்டி ஏறினால் அது வொர்க்அவுட். தினமும் ஒரே வேலையைச் செய்து அலுத்த அலுவலக ஊழியர் தன் பிழைப்பையே டிரெட்மில் என்று சொல்லிக்கொண்டால் அவர் மனதில் இருப்பது ட்ரட்ஜரி. கால் எடுத்து வைப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஏற்றிவிட்டவர் மாறும்போது சொல்லும் மாறுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நமக்கு அடிக்கடி வரும் சில இடங்களைப் பார்க்கலாம்.

விண்ணப்பமும் பரிந்துரையும்

வேலை விண்ணப்பத்தில் கஷ்டத்தைச் சொல்லும் சொல் எதுவும் வேண்டாம். டாய்ல், ஸ்லாக், ஸ்ட்ரகிள் எல்லாம் வெளியே. 'அந்தப் ப்ராஜெக்ட்டுக்காக ரொம்ப ஸ்ட்ரகிள் பண்ணினேன்' என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், வேலை இவருக்குப் பிடிபடவில்லை, தத்தளித்திருக்கிறார் என்றுதான் மேலாளர் படிப்பார். ஒரு நிறுவனம் 'ஸ்ட்ரகிள்' செய்கிறது என்று செய்தித்தாள் எழுதினால் அது மூடும் நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஊழியருக்கும் அதே பொருள்தான்.

அடுத்து 'சின்சியர்'. தமிழ்நாட்டில் 'வேலையில ரொம்ப சின்சியர்' என்றால் நேரத்துக்கு வருவார், ஏமாற்ற மாட்டார், சொன்னதை முடிப்பார். லண்டனிலோ நியூயார்க்கிலோ சின்சியர் என்றால் மனதில் உள்ளதைத்தான் சொல்கிறார், நடிக்கவில்லை என்பது மட்டுமே. உழைப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்திய நிறுவனத்துக்கு எழுதும்போது சின்சியர் என்று போட்டால் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் அந்த இடத்தில் 'கான்ஷியென்ஷியஸ்' வைப்பதுதான் சரி. யாரும் பார்க்காவிட்டாலும் ஒழுங்காகச் செய்பவர் என்ற பொருள் அதில் இருக்கிறது.

'டிலிஜென்ட்' நல்ல சொல். லத்தீனில் அதன் மூலம் விரும்புவது, மதிப்பது என்ற பொருளுள்ள வினை. அதனால்தானோ என்னவோ அதில் வியர்வை நாற்றமே கிடையாது, கவனம் மட்டும் தெரியும். ஒரு நிறுவனத்தை வாங்கும் முன் கணக்கு வழக்கை அலசுவதை 'ட்யூ டிலிஜென்ஸ்' என்கிறார்களே, அங்கேயும் வேண்டியது உடல்பலம் இல்லை, எதையும் விட்டுவிடாத கண். கணக்கு, சட்டம், தணிக்கை, மென்பொருள் சோதனை போன்ற வேலைகளுக்கு ஹார்ட் வொர்க்கிங்கைவிட இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 'இண்டஸ்ட்ரியஸ்' இதன் அண்ணன்மாதிரி. சும்மா இருக்காத சுறுசுறுப்பு அதில் உண்டு. ஆனால் கொஞ்சம் பழைய வாடை. எறும்புக்கும் தேனீக்கும் பொருந்துகிற அளவுக்கு இருபத்தைந்து வயது பட்டதாரிக்குப் பொருந்தாது. தொழிற்சாலை சம்பந்தப்பட்ட 'இண்டஸ்ட்ரியல்' உடன் குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

'பெயின்ஸ்டேக்கிங்' ஆளைவிட வேலைக்குப் பொருத்தம். நாம் 'மெனக்கெட்டுச் செய்தார்' என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஓலைச்சுவடியை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படியெடுப்பது பெயின்ஸ்டேக்கிங். இதன் பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. 'லெபோரியஸ்' என்று ஒரு சொல். லேபரிலிருந்து வந்ததால் உழைப்பாளி என்று பொருள் இருக்கும் என நினைத்து 'ஐ ஆம் எ லெபோரியஸ் பெர்சன்' என்று எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பொருளும் இருந்தது. இப்போது லெபோரியஸ் என்றால் இழுவை, முடியவே முடியாத சள்ளை பிடித்த வேலை. படிவத்தை நான்கு பிரதி எழுதுவது லெபோரியஸ். 'லேபர்டு' இன்னும் மோசம். மூச்சுக்குப் போட்டால் திணறல், நகைச்சுவைக்குப் போட்டால் வலிந்து வரவழைத்தது. ஒரே வேலையை ஒருவர் பெயின்ஸ்டேக்கிங் என்றும் இன்னொருவர் லெபோரியஸ் என்றும் எழுதினால், முதலாமவர் அதைப் பாராட்டுகிறார், இரண்டாமவர் கொட்டாவி விடுகிறார்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்தால் 'கடினமாக' என்று ஆகாது. 'ஐ ஹார்ட்லி வொர்க்டு' என்றால் நான் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமல் வந்தவர்கள் உண்டு.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்கள் இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. ஃப்ரான்சிஸ் ட்ரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் செய்தது. ஹார்ட் வொர்க்கிங், கான்ஷியென்ஷியஸ், டிபெண்டபிள் போன்ற சொற்களுக்கு அவர்கள் 'கிரைண்ட்ஸ்டோன்' சொற்கள் என்று பெயர் வைத்தார்கள். சாணைக்கல்லில் முகத்தை வைத்துக்கொண்டு தேய்ப்பவர் என்ற ஆங்கில மரபுத்தொடரிலிருந்து வந்த பெயர். பெண்களுக்காக எழுதிய கடிதங்களில் இந்தச் சொற்கள் ஆண்களுக்கு எழுதியவற்றைவிட அதிகமாக வந்திருந்தன. படிப்பவர் மனதில் அது ஏற்படுத்தும் எண்ணம்: உழைக்கிறார், ஆனால் அறிவு அவ்வளவாக இல்லை போலிருக்கிறது. தமிழில் 'கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளை' என்று சொல்லும்போதும் இந்த வாடை லேசாக வரும், இல்லையா? அதனால் மாணவிக்கு மேற்படிப்புக்குக் கடிதம் கொடுப்பவர் 'ஹார்ட் வொர்க்கிங்' என்று ஒரு முறை எழுதினால் போதும். மீதி இடத்தில் அவர் எதைக் கண்டுபிடித்தார், எதை எழுதினார், எந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார் என்று எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் உதவி.

'எஃபர்ட்' பற்றியும் இரண்டு வார்த்தை. முயற்சிக்கு நேர் சொல்தான். ஆனால் பலன் கிடைத்ததா என்பதை அது சொல்வதில்லை. ஆங்கிலேயர் ஒருவர் 'குட் எஃபர்ட்' என்று தோளைத் தட்டினால் பெரும்பாலும் நாம் தோற்றிருப்போம். ஐடி துறையில் மட்டும் அது அளந்து சொல்லும் பண்டம். ஒரு வேலைக்கு எத்தனை பேர் எத்தனை நாள் என்பதே அங்கே எஃபர்ட். அந்தப் பழக்கத்தில் 'எஃபர்ட் போட்டேன்' என்று பேசுகிறோம். எழுதும்போது சாதனைப் பட்டியலில் எஃபர்ட் வேண்டாம்.

மொழிபெயர்ப்பு

உண்மையில் தலை சுற்றுவது இங்கேதான். வேலை விண்ணப்பத்தில் தப்புச் சொல் போட்டால் ஒரு வேலை போகும். வாழ்க்கைக் கதையை மொழிபெயர்க்கும்போது தப்புச் சொல் போட்டால் ஒரு மனிதரே மாறிவிடுவார்.

மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையைப் பார்க்காத தமிழர் குறைவு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ட்ரையம்ஃப் ஆஃப் லேபர்'. தமிழ்ப் பெயரில் உழைப்பவர் இருக்கிறார், ஆங்கிலப் பெயரில் உழைப்பும் அதன் வெற்றியும் இருக்கின்றன. அந்த இடத்தில் டாய்ல் என்று வைத்துப் பாருங்கள், பொருந்தாது. லேபருக்கு ஒரு கூட்டத்தின் பலம் உண்டு. முதலாளிக்கு எதிரே நிற்கும் தொழிலாளர் வர்க்கம் முழுவதையும் அந்த ஒரே சொல் குறிக்கும். 1906இல் பிரிட்டனில் ஒரு கட்சி அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொண்டது. 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் தொடங்கிய கட்சியின் பெயரிலும் 'லேபர்' இருந்தது. சங்கம், கூலி, உரிமை, சட்டம் என்று பேச்சு வந்தால் வேறு சொல்லைத் தேட வேண்டாம், லேபர்தான்.

டாய்லுக்குச் சங்கம் கிடையாது. அது ஒற்றை ஆளின் முதுகு. நீண்ட நாள், ஓய்வில்லாமல், உடல் தேயத் தேயச் செய்வது. மானாவாரி நிலத்தில் நாற்பது வருடம் மழையைப் பார்த்துக்கொண்டே உழுத தாத்தாவுக்கு டாய்ல் பொருந்தும். தமிழில் 'பாடுபட்டார்' என்று சொல்கிற இடங்களில் பெரும்பாலும் இதுதான் அருகில் வரும், ஏனென்றால் பாடு என்பதில் வேலையும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. இதன் வேரைத் தோண்டினால் லத்தீனில் ஆலிவ் காய்களை நசுக்கும் ஒரு பொறிக்குப் போய்ச் சேர்கிறது. கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இந்தச் சொல்லை எடுத்தால் எண்ணெய்ச் செக்கு இரண்டு பக்கமும் வந்து நிற்கும். மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி ஒரு வரம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஆனால் தண்டனையின் பெயராக எழுதும்போது டாய்ல் கூடாது. நம் செய்தித்தாள்கள் 'கடுங்காவல்' என்று எழுதுவதை, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 'ரிகரஸ்' சிறை என்று சொல்லி, அதற்கு விளக்கமாக 'ஹார்ட் லேபர்' உடன் கூடியது என்றது. சட்டம் டாய்ல் என்று பேசாது. கொத்தடிமை ஒழிப்புக்காக 1976இல் வந்த சட்டத்திலும் 'பாண்டட் லேபர்' என்றுதான் இருக்கிறது.

டாய்லுக்கு இன்னொரு குணம், அது மேடையில் நிற்கிற சொல். பேச்சுவழக்கில் யாரும் 'இன்றைக்கு ரொம்ப டாய்ல் செய்தேன்' என்று சொல்வதில்லை. 1940 மே 13 அன்று சர்ச்சில் பிரதமராகி நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சில், தன்னிடம் கொடுப்பதற்கு ரத்தமும் டாய்லும் கண்ணீரும் வியர்வையும் தவிர வேறொன்றும் இல்லை என்றார். பின்னால் மக்கள் வாயில் அது ரத்தம், வியர்வை, கண்ணீர் என்று மூன்றாகச் சுருங்கிவிட்டது. கழன்று விழுந்தது டாய்ல்தான். அதனால் கதையில் ஒரு பாத்திரம் தன் வாயால் தன் உழைப்பைச் சொல்லும் இடத்தில் டாய்ல் வைத்தால் செயற்கையாக இருக்கும். 'நாய் படாத பாடு பட்டேன்டா' என்று ஒருவர் திண்ணையில் சொல்வதை டாய்லால் சொல்ல முடியாது. அங்கே 'ஐ வொர்க்டு லைக் எ டாக்' என்ற வழக்கே இருக்கிறது. இரண்டு மொழியிலும் நாய் மாட்டிக்கொண்டதை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ட்ரட்ஜரி வேறு ரகம். அதில் கடினம் முக்கியமில்லை, திரும்பத் திரும்ப வருவதும், செய்தாலும் ஒன்றும் மிஞ்சாததும்தான் முக்கியம். பாத்திரம் கழுவினால் இரவுக்குள் மறுபடி பாத்திரம் சேரும். ஒரு குடம் தண்ணீருக்குத் தினமும் இரண்டு மைல் நடப்பது ட்ரட்ஜரி. இந்திய வேளாண் ஆராய்ச்சி அறிக்கைகளில், பெண்களின் குனிந்து நிமிரும் வேலையைக் குறைக்கும் கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் தவறாமல் வரும். தமிழில் இதற்குச் 'செக்குமாட்டு வேலை' என்பதைத்தான் நான் சொல்வேன். 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அகராதி தொகுப்பவர் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும்போது 'தீங்கில்லாத ட்ரட்ஜ்' என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்டார். தன்னைப் பற்றிச் சொன்னதால் அது நகைச்சுவை. அடுத்தவர் வேலையை ட்ரட்ஜரி என்று சொன்னால் அது தீர்ப்பு. ஓர் அம்மாவின் சமையலறை வாழ்க்கையை மொழிபெயர்க்கும்போது மூல எழுத்தாளர் அந்தச் சமையலை அலுப்பாகப் பார்க்கிறாரா, அன்பாகப் பார்க்கிறாரா என்று பத்தியைத் திரும்பப் படித்துவிட்டுத்தான் இந்தச் சொல்லில் கை வைக்க வேண்டும். அன்பாகப் பார்த்திருந்தால் 'லேபர் ஆஃப் லவ்' என்ற பழைய தொடர் இருக்கிறது. கூலி எதிர்பார்க்காமல் ஆசைக்காகச் செய்வது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்திலேயே அது உண்டு.

அப்புறம், லேபரை மனிதர் எண்ணிக்கைக்குப் பயன்படுத்தும் நம் வழக்கம். 'நாளைக்கு ரெண்டு லேபர் அனுப்புங்க' என்று மேஸ்திரியிடம் சொல்லலாம், தப்பில்லை, அது தமிழாகிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது 'டூ லேபரர்ஸ்' என்றே எழுத வேண்டும், 'டூ லேபர்ஸ்' என்றால் படிப்பவருக்குப் பிரசவம் நினைவுக்கு வந்தாலும் வரும். நம் ஆஸ்பத்திரிகளின் லேபர் வார்டு அந்தப் பொருளில் வந்ததுதானே.

'ட்ராவெய்ல்' என்று ஒன்று அகராதியில் கண்ணில் படும். மூன்று கழிகளால் செய்த ஒரு சித்திரவதைக் கருவியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். பிரெஞ்சில் அது சாதாரண வேலைக்குச் சொல்லாகிவிட்டது, ஆங்கிலத்தில் பயணத்தைக் குறிக்கும் 'ட்ராவல்' இதன் உடன்பிறப்பு. இன்றைய ஆங்கிலத்தில் இதற்குத் துன்பம் என்பதுதான் பொருள், உழைப்பு இல்லை. பெரும்பாலும் கம்பெனிகளின் கஷ்டகாலத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பன்மையில் எழுதும். நமக்கு வேண்டாம்.

பேச்சில்

சக ஊழியர்களிடம், நண்பர்களிடம் பேசும்போதும் சமூக வலைத்தளத்தில் எழுதும்போதும் வேறு கூட்டம் வந்துவிடுகிறது. 'ஸ்லாக்' நமக்குக் கிரிக்கெட்டில் பழக்கம். ஸ்லாக் ஓவரில் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுவது. அடிப்பது என்ற பொருளிலிருந்துதான் விடாமல் இழுத்துப் பிடித்து வேலை செய்வது என்ற பொருளும் வந்தது. 'மாங்கு மாங்கென்று' என்பதன் ஓசை அதில் இருக்கிறது. சொந்த வேலையை அலுத்துக்கொள்ள நல்ல சொல். மேலாளருக்குப் போகும் மின்னஞ்சலில் எழுதினால் முணுமுணுப்பு.

'கிரைண்ட்' வயதைப் பொறுத்து மாறுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் முன்பு கிரைண்ட் என்றால் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவரைக் கேலி செய்யும் சொல், நம் 'படிப்ஸ்' மாதிரி. பிரிட்டனில் அதே ஆளுக்கு 'ஸ்வாட்' என்று பெயர், வியர்வையைக் குறிக்கும் 'ஸ்வெட்' வட்டார வழக்கில் திரிந்து வந்தது. இப்போது வீடியோ கேம் விளையாடுபவர்கள், அடுத்த கட்டத்துக்குப் போக ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கிரைண்ட் என்கிறார்கள். தொழில்முனைவோர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர் காதில் அது இன்னும் அலுப்புதான்.

'ஹஸில்' இதைவிட வழுக்கும். குலுக்குவது என்ற டச்சுச் சொல்லிலிருந்து கிளம்பி, இடித்துத் தள்ளுவது, அமெரிக்காவில் ஏமாற்றிப் பிழைப்பது என்றெல்லாம் சுற்றிவிட்டு, இன்று வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சம்பாதிக்கும் 'சைடு ஹஸில்' வரை வந்திருக்கிறது. ஆனால் 'ஹஸ்லர்' என்று ஆளைச் சொன்னால் பழைய மோசடி வாடை முழுதாகப் போகவில்லை. ஸ்டார்ட்அப் நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவர் எழுதலாம், வங்கிக்கு விண்ணப்பிப்பவர் எழுதவே கூடாது.

கடைசியாகக் 'கிராஃப்ட்'. கைவினைக்கும் தமிழில் இப்படித்தான் எழுதுவோம், ஆனால் நான் சொல்வது ஒட்டுச் செடிக்கும் தோல் ஒட்டு சிகிச்சைக்கும் வருகிறதே, ஆங்கிலத்தில் 'ஜி' எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல். பிரிட்டனில், குறிப்பாக வடக்கே, 'ஹார்ட் கிராஃப்ட்' என்றால் அலட்டிக்கொள்ளாத நேர்மையான உழைப்பு. 'கிராஃப்டர்' என்று ஒருவரைச் சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வேண்டியிருக்காது. அமெரிக்காவிலும், அதைப் பின்பற்றி நம் ஆங்கிலப் பத்திரிகைகளிலும், கிராஃப்ட் என்றால் லஞ்சம். தலைப்பில் இடம் போதாதபோது ஊழல் வழக்கை இந்த ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆகவே மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மகன் தன் முதலாளி தன்னைக் கிராஃப்டர் என்று சொன்னதாகப் போனில் சொன்னால் சந்தோஷப்படலாம். அதை அப்படியே அவர் பயோடேட்டாவில் போட்டுச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம்.